பத்து சென்டிமீட்டர் கோடு

அத்தியாயம் 6

பகல் பதினொன்றே முக்கால். மூன்று மணிக்கு நேர்காணல். அதற்குள் மாதுரி எழுத்தில் ஒரு விளக்கம் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி அவளுக்கு நாற்பது முடிகிறது. நாற்பது முடிந்தவர்களைப் பொருநைப் பல்கலைக்கழகம் நிரந்தர வேலைக்கு எடுப்பதில்லை. பதினோரு வருஷமாகக் கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரில் பீங்கான் பொறியியல் துறையில் பாடம் எடுத்துக்கொண்டிருப்பவளுக்கு இன்றைக்கு விட்டால் இனி இல்லை.

இதையெல்லாம் அவள் ஒரு நோட்டில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதிக்கொண்டு வந்திருந்தாள். பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம், மூக்குக்கண்ணாடிக் கடை மாடியில் இருந்த அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கியபோது நாலாவது வரியிலேயே குரல் உடைந்துவிட்டது.

அந்த அறை துப்பறியும் இஸ்ரவேலுடையது. வருஷத்தில் பத்து மாதம் மாப்பிள்ளை விசாரணை செய்கிற மனிதர் அவர். அழுகிற பெண்கள் அழுது முடிக்கும்வரை காத்திருக்கப் பழகியவர். அவருடைய உதவியாளர் ஹம்னா மேலப்பாளையத்துப் பெண். வயது இருபத்து மூன்று. வாய்க்கு மட்டும் ஐம்பது இருக்கும்.

விஷயம் இதுதான். பத்து நாளைக்கு முன் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. மாதுரியின் டாக்டர் பட்ட ஆய்வேட்டில் இருக்கும் கணக்கெல்லாம் பொய் என்றது கடிதம். அரிசி ஆலைகளில் கொட்டிக் கிடக்கும் உமிச்சாம்பலைக் களிமண்ணோடு கலந்து சுட்டால், அந்த ஓடு தண்ணீரே குடிக்காது என்பது அவளுடைய ஆராய்ச்சி. நூறு கிராம் ஓடு ஒரு கிராம் தண்ணீர்கூடக் குடிக்காது என்று எழுதியிருந்தாள். துறை பீரோவில் அவள் பாதுகாத்து வைத்திருந்த பத்து ஓடுகளையும் எடுத்து நனைத்துப் பார்த்தார்கள். நூறு கிராமுக்குப் பதினோரு கிராம் குடித்தன.

"இதுதான் அந்த ஓடு. ஏழாம் நம்பர்," என்று நோட்டீசோடு வந்த புகைப்படத்தை நீட்டினாள். சாம்பல் வெள்ளையில் ஒரு சதுர ஓடு. மேலே பழுப்பு நிறத்தில் ‘மா-7’. நடுவே ஒரு நேர்கோடு. கோட்டை ஒட்டி ஸ்டீல் ஸ்கேல்.

"எழுத்து உங்களுதா?"

"என்னுது மாதிரிதான் இருக்கு."

"ஒரு எழுத்து, ஒரு நம்பர்," என்றாள் ஹம்னா. "இதைக் காப்பி அடிக்க டாக்டர் பட்டமா வேணும்? எங்க தெருவுல பல்பொடி விக்கிற ஆளே அடிச்சிருவாரு."

மாதுரிக்குச் சிரிப்பு வரவில்லை. ஓடுகளை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று வாய் சொன்னாலும் மனசு முழுசாக நம்பவில்லை. மூன்று நாளாகப் பழைய குறிப்புகளைப் புரட்டிப் புரட்டி, எந்த இடத்தில் தான் தப்பு செய்திருப்போம் என்றுதான் தேடிக்கொண்டிருந்தாள். தராசில் பிசகா? சூளையில் வைத்த நேரத்தைத் தப்பாக எழுதினோமா? தன்மேல் சந்தேகப்படுவது அவளுக்குச் சுலபமாக வந்தது. அடுத்தவர்மேல் சந்தேகப்படத்தான் பட்டியல் போட வேண்டியிருந்தது.

அந்தப் பட்டியலில் இருந்த பெயர்கள் இரண்டு. பீரோ சாவியை வைத்திருக்கும் சூளை ஊழியர் மாரிக்கண்ணு ஒருவர். இன்னொருவர் குருபிரசாத். அவரும் அதே துறையில் ஒன்பது வருஷமாகக் கௌரவ விரிவுரையாளர்தான். அதே ஒரே இடத்துக்கு இன்றைக்கு அவரும் போட்டி. நாற்பத்திரண்டு ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளியிட்டவர். மாதுரி பதினொன்று.

"நாப்பத்திரண்டா?" என்றாள் ஹம்னா. "எழுதுதாரா, பெத்துப் போடுதாரா?"

இஸ்ரவேல் எழுந்து வேன் சாவியை எடுத்தார். மாரிக்கண்ணு இரண்டு நாளாக வேலைக்கு வரவில்லை, போனும் அணைந்திருக்கிறது என்று மாதுரி ஏற்கெனவே சொல்லியிருந்தாள். லீவு நாட்களில் சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு செங்கல் சூளையில் அவர் கூலிக்கு நிற்பார் என்பதும் அவளுக்குத் தெரியும். போய்ப் பார்க்க வேண்டிய ஆள் அவர் ஒருவர்தான்.

வேன் மூன்றாவது தடவை சாவி திருகிய பிறகுதான் உறுமியது. "இந்த வண்டி மவுத்தாகி ரெண்டு வருஷமாச்சு மேடம்," என்று ஹம்னா பின் சீட்டிலிருந்து சொன்னாள். "எங்க அண்ணாச்சிக்குத்தான் இன்னும் சேதி போய்ச் சேரல."

டவுணைச் சுற்றிக்கொண்டு, பேட்டை தாண்டி, மேற்கே போகும் சாலையில் வேன் ஓடியது. பல்கலைக்கழக வாசலைக் கடக்கும்போது மாதுரி குனிந்து கைப்பையில் எதையோ தேடுவதுபோல் இருந்தாள். வாசலில் நேர்காணலுக்கு வந்தவர்களின் கார்கள் இரண்டு நின்றன.

"டீச்சர், அந்த நோட்டீசை வாசிங்க," என்றார் இஸ்ரவேல். "தப்புன்னு சொல்லியிருக்கிறதை விட்டுருங்க. சரியா இருக்குன்னு சொல்லியிருக்கிறதை மட்டும் வாசிங்க."

"சரியா இருக்கிறதையா?"

"மாப்பிள்ளை வீட்டுல பொய்யைத் தேடிப் போனா ஒண்ணும் கிடைக்காது. எது ரொம்பச் சரியா இருக்கோ அங்கன பார்க்கணும். போன மாசம் வள்ளியூர்ல ஒருத்தன், ஆபீஸ் வருகைப் பதிவேட்டுல முப்பது நாளும் ஒரே மையில கையெழுத்துப் போட்டிருந்தான். அந்த ஆபீஸே கிடையாது."

மாதுரி வாசித்தாள். ஓடுகள் இருந்த பெட்டி அதே பெட்டி. எண்கள் அவள் கையெழுத்து. மூன்றாவதாக ஒரு வாக்கியம்: ‘ஆய்வேட்டின் 61ஆம் பக்கத்தில் குறிப்பிட்டபடி ஒவ்வோர் ஓட்டிலும் பத்து சென்டிமீட்டர் கோடு உள்ளது. துறையின் சார்பில் அளந்து சரிபார்க்கப்பட்டது. நீளம் 10.0. ஆகவே ஓடுகள் அசல் என உறுதியாகிறது.’

"கோடு எதுக்கு மேடம் போடுதிய? அழகுக்கா?"

"அழகுக்கு இல்ல. பச்சை மண்ணா இருக்கும்போதே பத்து சென்டிமீட்டர் அளந்து கத்தியால கீறிடுவோம். பீங்கான் படிக்கிற எல்லாரும் முதல் வாரத்துலயே இதைப் பழகிடுவாங்க. மண்ணு காயும்போதும் சூளையில வேகும்போதும் சுருங்கும் இல்லையா."

"எங்க உம்மா பருத்தித் துணியை நனைச்சுக் காயப்போட்ட பொறவுதான் கத்திரியே வைப்பாங்க. அந்தக் கதைதான்."

"அதேதான். மண்ணோட சேர்ந்து கோடும் சுருங்கும். சுட்ட பிறகு கோட்டை அளந்தா, மண் எவ்வளவு சுருங்கிச்சுன்னு..."

மாதுரி நிறுத்தினாள்.

"வண்டியை ஓரமா நிறுத்துங்க," என்றாள். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

கன்னடியன் கால்வாய்க் கரையோரம் வேன் நின்றது. மாதுரி புகைப்படத்தை மடியில் வைத்து விரலால் தொட்டாள். ஸ்கேலின் பூஜ்யத்தில் கோடு தொடங்கியது. பத்தில் முடிந்தது. மயிரிழை பிசகில்லை. மூன்று நாளில் ஐம்பது தடவையாவது இந்தப் படத்தைப் பார்த்திருப்பாள். ஒவ்வொரு தடவையும் தன் எழுத்தைப் பார்த்தாள், தன் தப்பைத் தேடினாள். பக்கத்தில் கிடந்த ஸ்கேலைப் பார்க்கவே இல்லை.

"எட்டு புள்ளி எட்டு இருக்கணும்," என்றாள். "என் ஓடு எல்லாத்துலயும் எட்டு புள்ளி எட்டுதான். அறுபத்து நாலாம் பக்கத்துல அட்டவணையே போட்டிருக்கேன்."

"அப்ப இந்தக் கோடு?"

"வெந்த ஓட்டுமேல பிறகு கீறினது. கண்ணாடி அறுக்கிற கருவியால கீறியிருக்கலாம்."

"வெந்த இட்லிக்கு உப்புப் போட்ட மாதிரி," என்றாள் ஹம்னா.

இஸ்ரவேல் ஸ்டியரிங்கில் இரண்டு தட்டுத் தட்டினார். "அறுபத்தோராம் பக்கத்தைப் படிச்சிருக்கான். அறுபத்து நாலு வரை பொறுமை இல்ல. சரி, குருபிரசாத்துதான்னு வைப்போம்."

மாதுரி தலையை ஆட்டினாள். நோட்டைத் திறந்து அந்தப் பெயரின்மேல் ஒரு கோடு இழுத்தாள். "அவரா இருக்க முடியாது. முதல் வருஷப் பையன்கூட இந்தத் தப்பைச் செய்ய மாட்டான். பீங்கான் தெரிஞ்ச ஒருத்தரும் செய்ய மாட்டாங்க. இது மண்ணையே தொடாத ஆளோட வேலை."

அந்தச் சந்தோஷம் அரை நிமிஷம்தான் நின்றது. ஓடு போலி என்பது தெரிந்துவிட்டது. ஆனால் போலி செய்தது யார்? மண் தெரியாத யாருக்கு அவள்மேல் பகை? ஆள் யார் என்று சொல்ல முடியாமல் இதை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தால், அந்தப் போலியை அன்றைக்கே நீதான் செய்து வைத்தாய் என்று திருப்பிவிடுவார்கள். பட்டியலில் இப்போது ஒரே ஒரு பெயர். அந்த மாரிக்கண்ணு, அவள் முதல் நாள் சூளையறைக்கு வந்தபோது தீயின் நிறம் பார்க்கச் சொல்லித்தந்தவர். மணி பன்னிரண்டு ஐம்பது.

செங்கல் சூளையின் மறைவில் மாரிக்கண்ணு பீடியோடு உட்கார்ந்திருந்தார். மாதுரியைக் கண்டதும் பதறி எழுந்து பீடியைக் காலால் மிதித்தார். தினக்கூலியாகப் பல்கலைக்கழகத்தில் பதினான்கு வருஷம் நின்றவர். இங்கே வேலை செய்வது தெரிந்தால் அங்கே சீட்டுக் கிழிந்துவிடும் என்ற பயம் அவர் கண்ணில் தெரிந்தது.

"மேடம், நீங்க இங்கன எதுக்கு வந்துருக்கிய?"

இஸ்ரவேல் பேச்சைத் தொடங்குவதற்குள் மாதுரியின் கண் கீழே போனது. மண் தரையில் ஒரு டீக்கெட்டில். கெட்டிலுக்கு அடியில், சூடு தாங்க, ஒரு சாம்பல் வெள்ளை ஓடு. அவள் மண்டியிட்டுக் கெட்டிலை நகர்த்தி ஓட்டைத் திருப்பினாள். டீக்கறைக்கு நடுவே பழுப்பு எழுத்து. மா-3.

அதை எடுத்தவள், யோசிக்காமல், ஓரத்தை நாக்கில் வைத்தாள்.

"மேடம், டீ கெட்டிலுக்குள்ள இருக்கு," என்றாள் ஹம்னா.

"சரியா வேகாத ஓடு எச்சிலை உறிஞ்சி நாக்குல ஒட்டிக்கும். இது ஒட்டல." மாதுரி ஓட்டை நீட்டினாள். "ஹம்னா, கோட்டை அளந்து பாரு."

ஹம்னாவின் பையில் உம்மாவின் தையல் டேப் இருந்தது. எட்டு சென்டிமீட்டர் தாண்டி, ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால் கோடு நின்றது.

மாரிக்கண்ணு கலவரத்தோடு நடந்ததைச் சொன்னார். துறைத் தலைவர் சிவசண்முகம் போன வாரம் நாலு நாள் சென்னைக்குப் போயிருந்தார். துறையில் நிரந்தர ஆசிரியர் அவர் ஒருவர்தான் என்பதால் பொறுப்பைக் குருபிரசாத்திடம் விட்டுப் போனார். அந்த நாலு நாளில் ஒரு நாள் குருபிரசாத் பீரோ சாவியை வாங்கிப் போய், இந்த ஓடுகளைத் தூரப் போடச் சொல்லி ஒரு சாக்கில் கொடுத்தார். நல்லா வெந்த ஓட்டைக் குப்பையில் போட மாரிக்கண்ணுவுக்கு மனசு வரவில்லை. சூளைக்காரர்கள் யாருமே போடமாட்டார்கள். முட்டுக்கொடுக்க, அடியில் வைக்க எதற்காவது ஆகும் என்று வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். எழுத்தைப் பார்க்கவில்லையா என்றால், எழுத்தில்லாத ஓடு துறையில் எது என்று கேட்டார்.

"மறுநாள் அவுகளே, பிள்ளைங்க அரைவேக்காட்டுல எடுத்துக் கழிச்சுப்போட்ட ஓடு பத்து கேட்டாவ," என்றார். "கோடில்லாததாப் பொறுக்கிக் கொடுன்னாவ. ஸ்கேலும் வாங்கிட்டுப் போனாவ. எனக்கு என்ன தெரியும் மேடம்?"

"குருபிரசாத்தா? அவருக்கு மண் சுருங்கும்னு தெரியாதா?"

மாரிக்கண்ணு அவளைப் பாவமாகப் பார்த்தார். "ஒம்பது வருசத்துல அவுக சூளையறை வாசப்படி தாண்டி வந்ததில்ல. பிள்ளைங்க சுட்டு நம்பரைக் கொண்டு கொடுக்கும். அவுக எழுதிக்கிடுவாவ. நீங்க வந்த அன்னைக்கே ஓட்டை நாக்குல வச்சிய. அவுக இன்னைக்கு வரை கையில தொட்டு நான் பார்க்கல."

மாதுரி அந்தச் செங்கல் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டாள். கோபம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வேறு ஒன்று. ஒன்பது வருஷமாக ஒவ்வொரு டிசம்பரிலும் அந்த மனிதரின் கட்டுரைகளை எண்ணி, தன்னுடையதை எண்ணி, தான் மந்தம் என்று முடிவுகட்டியிருந்தாள். நோட்டில் அடித்த பெயரை மறுபடி எழுதினாள். பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்தது.

"அடையாள அட்டையிலயே டாக்டர்னு இருக்கும்," என்றாள் ஹம்னா மெதுவாக. "ஊசி போடத் தெரியாது."

மாரிக்கண்ணு கைகூப்பினார். தன் பெயர் வெளியே வந்தால் அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள், மகள் பாபநாசத்தில் கடைசி வருஷம் படிக்கிறாள், எப்படியாவது தன்னை விட்டுவிட வேண்டும் என்றார். வேறு யாராக இருந்தாலும் அவரைச் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். இஸ்ரவேல் மாதுரியின் முகத்தைப் பார்த்தார்.

"வேண்டாம்," என்றாள் மாதுரி. "அவர் பேரு இல்லாமலேயே எழுதலாம். அறுபத்து நாலாம் பக்கம் போதும்."

திரும்பும் வழியில் வேனிலேயே எழுதினாள். புகார் என்று எழுதினால் நேர்காணலையே நிறுத்தி விசாரணை வைப்பார்கள். அவளுடைய நாற்பது அதற்குள் முடிந்துவிடும். அதனால் இஸ்ரவேல் சொன்னபடி, கேட்ட விளக்கத்தை மட்டும் எழுதினாள். நாலே வரி. அறுபத்து நாலாம் பக்கத்தில், சுட்ட பிறகு கோட்டின் நீளம் 8.8. நோட்டீசில் 10.0. சுருங்காத கோடு, ஓடு சூளைக்குள் போனபோது அதன்மேல் இருந்திருக்க முடியாது. அளந்து அசல் என்று உறுதி செய்தவரிடம், அந்தக் கோடு சுடுவதற்கு முன் போட்டதா பின் போட்டதா என்று குழு கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுகிறேன்.

"யாருகிட்ட கொடுக்கணும்?"

"சிவசண்முகம் சார்கிட்ட." சொல்லும்போதே அவள் முகம் வெளிறியது. "குருபிரசாத்தோட ஆய்வுக்கு வழிகாட்டி அவர்தான். மாணவன் மாட்டினா அவரும் மாட்டுவார். வாங்கிப் பையில வச்சுக்கிட்டு, கிடைக்கலன்னு சொல்லிடுவார்."

பேட்டை வரும்வரை மாதுரி நோட்டைத் திறந்து திறந்து மூடினாள். பிறகு சட்டென்று, ஜெராக்ஸ் கடை எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.

இரண்டு ஐம்பதுக்கு அவள் தாழ்வாரத்தில் நின்றாள். சிவசண்முகம் கடிதத்தை வாங்கி நின்றபடியே வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார். அவர் கை சட்டைப்பைக்குப் போனபோது அவள் அடுத்ததை நீட்டினாள்.

"இது என்னது?"

"இன்னும் மூணு காப்பி சார். குழுவில் ஆறு பேர். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதின்னு நோட்டீசுலயே இருக்கு. துணைவேந்தருக்கும் வெளியூர் நிபுணருக்கும் இப்பதான் அவங்க கையிலயே கொடுத்துட்டு வந்தேன்."

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். காப்பிகளை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

அகர வரிசைப்படி குருபிரசாத்தை முதலில் அழைத்தார்கள். இஸ்திரி கலையாத சட்டையோடு, அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். கைப்பைக்குள் டீக்கறை படிந்த மூன்றாம் நம்பர் ஓடு இருந்தது. அதை வெளியே எடுக்கும்படி ஆகிவிடக் கூடாதே என்பது ஒன்றுதான் அப்போது அவள் வேண்டுதல். தாழ்வாரக் கோடியில் இஸ்ரவேலும் ஹம்னாவும் நின்றார்கள். ஒன்பது நிமிஷம். பத்து. பதினொன்று.

கதவு திறந்தது. குருபிரசாத்தின் நெற்றி வியர்த்திருந்தது. நேராக அவளிடம் வந்தார். முகத்தில் குழப்பம் மட்டும்தான் இருந்தது.

"மாதுரி, அந்தக் கோடு பத்துதானே? உங்க ஆய்வேட்டுலயே பத்துன்னுதானே இருக்கு? நானே அளந்து கையெழுத்துப் போட்டேன்னு சொன்னேன். எல்லாரும் சிவசண்முகம் சாரைப் பார்க்காங்க. அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?"

இந்த மனிதரைத் திட்ட நாலு வார்த்தை அவள் வேனிலேயே சேர்த்து வைத்திருந்தாள்.

"மண்ணு சுருங்கும், சார்," என்றாள்.

அவருக்கு அப்போதும் புரிந்ததாகத் தெரியவில்லை.

உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் ஆறு பேர். ஆறு பேர் முன்னாலும் அவளுடைய கடிதம். சிவசண்முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். வெளியூர் நிபுணர், நரைத்த மனிதர், ஒன்றும் கேட்காமல் ஏழாம் நம்பர் ஓட்டை மேசைமேல் அவள் பக்கமாக நகர்த்தினார்.

"உட்காருங்க. இது உங்க ஓடான்னு எப்படிப் பார்ப்பீங்க?"

ஆறு பேர் முன்னால் இதைச் செய்யலாமா என்று ஒரு கணம் தயங்கினாள். பிறகு ஓட்டை எடுத்து ஓரத்தை நாக்கில் வைத்தாள்.

ஒட்டிக்கொண்டது. அதை இழுத்து எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, தன்மேல் சந்தேகமில்லாத ஒரு வாக்கியத்தைச் சொன்னாள்.

"இது என்னுது இல்ல சார்."

நிபுணர் ஸ்கேலை ஒதுக்கி வைத்துவிட்டு, அவள் ஆய்வேட்டின் முதல் பக்கத்தைப் புரட்டினார். "அப்ப உங்க ஓட்டைப் பத்திச் சொல்லுங்க," என்றார். "உமிச்சாம்பல்னு ஏன் தோணிச்சு?"